தலைமாட்டுப் பேரீச்சை

கம்பம்மெட்டில் ஏலக்காய் விளைவிக்காதவரையே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அஷ்ரஃப் பனை வளர்த்தார். அதுவும் தொட்டியில் வைத்து. மேகம் படியேறி வீட்டுக்குள் வந்து, அலமாரியில் மடித்து வைத்த சட்டையை நனைத்துவிட்டுப் போகிற ஊர் அது. அந்த ஊரில், பாலக்காட்டுப் பக்கம் தன் சொந்த ஊரான நல்லேப்பிள்ளி வெயிலில் வெந்து வளர வேண்டிய செடிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, கடைக்கு ஆணி வாங்க வந்தவனைக்கூடக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போய்க் காட்டுவார். விசிறிப் பனை, பாட்டில் பனை, மூங்கில் பனை, இன்னும் பேர் தெரியாத இரண்டு மூன்று. பார்த்தவர்கள் முகத்துக்கு நேராகப் பாராட்டிவிட்டு ரோட்டுக்குப் போனபிறகுதான் சிரிப்பார்கள். ‘பாய் மலையேறி வந்துட்டாரு, பாலக்காடு இன்னும் இறங்கலை’ என்பது அந்தக் கடைத்தெருவில் ரொம்ப நாள் ஓடிய கேலி.

அந்தக் கேலியில் அவருடைய மனைவி ஹஸீனாவுக்கும் பங்கு உண்டு. மற்ற ஆம்பிளைகள் குளிர் தொடங்கினால் குல்லாய் தேடுவார்கள், இவர் பனைகளுக்கு இடம் தேடுவார். வீட்டுக்குப் பின்னால் வெயில் விழுகிற சுவரை ஒட்டி, மேலே கண்ணாடி ஷீட்டும் பக்கத்தில் வலையும் அடித்து ஒரு ஷெட் போட்டிருந்தார். ஆனியில் மழை பிடிப்பதற்கு முன்னால் தொட்டிகளை ஒவ்வொன்றாக அதற்குள் கொண்டுபோவார். தூக்க மாட்டார், சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டே போவார். கர்ரென்று அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் வரும். "பல்லு கூசுதுங்க, தூக்கித்தான் வெச்சா என்னங்க?" என்று ஹஸீனா உள்ளேயிருந்து கத்துவாள். "என்ற இடுப்ப நீ தூக்குவியா புள்ள?" என்று அங்கிருந்து பதில் வரும்.

தொட்டியில் அவர் மண்ணைவிட அதிகமாகப் போட்டது ஆற்று மணலும், செங்கல் துண்டும், அடுப்புக்கரியும். இடிந்த வீட்டையே அள்ளித் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறார் என்று அவள் சொல்வாள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்கிற ஆள் கிடைத்த சந்தோஷத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். குளிரைப் பனை எப்படியோ சமாளித்துக்கொள்ளும், குளிரும் ஈரமும் கைகோத்து வந்தால்தான் அதற்கு ஆகாது என்பார். தண்ணீர் தேங்காமல் ஓடிவிட வேண்டும், குளிர்காலத்தில் ஒரு சொட்டும் காட்டக்கூடாது, குருத்தில் தண்ணீர் நிற்கவே கூடாது என்பார். ஹஸீனா "ம்" கொட்டிக்கொண்டே பூண்டு உரிப்பாள். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி அந்தப் பேச்சு அவள் மேல் விழுந்து ஓடிவிடும்.

அத்தனை பனையிலும் அவருக்கு உயிர் ஒரு பேரீச்சை. மகள் ரிஸ்வானா கல்யாணமாகிப் பாலக்காட்டுக்குப் போகிறதற்கு முன்னால், ஒரு நோன்பு திறக்கும் நேரத்தில் அவள் துப்பிய கொட்டையை எடுத்துக் கழுவி ஊன்றியது. முதலில் புல் மாதிரி வந்தது, அப்புறம் ஓலை பிரிந்தது, இப்போது இடுப்புயரம். அரபு நாட்டு மரம் மஞ்சு மூடுகிற மலையில் நிற்கிறது என்பதில் அவருக்கு ஒரு கர்வம். ஆனால் அவருக்கே இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொண்டதில்லை. "நா மௌத்தானா நல்லேப்பிள்ளிக்குக் கொண்டு போயிருங்க. அத்தா பக்கத்துல சுடுமண்ணுல படுத்துக்கறேன். இந்த ஈரத்துல மட்டும் என்னையப் போட்டுராதீங்க" என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு சொல்வார். விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனால் அடிக்கடி சொல்வார்.

ஆடிக் கடைசியில், நாள் கணக்காக விடாமல் பெய்த மழையில், கடையில் பெயிண்ட் டப்பாவை எடுக்கக் கை உயர்த்தியவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போகவில்லை. நல்லேப்பிள்ளிக்குப் போகிற கம்பம் இறக்கத்தில் மண்ணிடிந்து பாதை மூடிக் கிடந்தது. குமுளி வழியாகச் சுற்றலாம் என்றால் அங்கேயும் மரம் விழுந்திருந்தது. இறந்தவரின் மையத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்று ஊரிலிருந்து பெரியவர்களும் போனில் சொன்னார்கள். என்ன செய்யலாம் என்று எல்லோரும் ஹஸீனாவைப் பார்த்தார்கள். இங்கேயே அடக்கலாம் என்று அவள் தலையசைத்தாள். கம்பம்மெட்டுப் பள்ளிவாசலின் கபர்ஸ்தானில், குழியில் ஊறிய தண்ணீரை வாளியில் இறைத்துவிட்டு, அவரை வைத்தார்கள். இறைத்தார்கள் என்பதை யாரும் அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம். யாரோ சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. அவருக்கு அங்கே குளிரக்கூடாது.

கபரின் தலைமாட்டில் பச்சையாக ஒன்று நட்டு வைப்பது வழக்கம். அது வாடாமல் இருக்கிற வரைக்கும் உள்ளே இருக்கிறவருக்கு ஆறுதல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் மருதாணிக் குச்சியை ஒடித்து ஊன்றுவார்கள். ஹஸீனா பேரீச்சையை அனுப்பினாள். பள்ளியில் பாங்கு சொல்வது முதல் கபர்ஸ்தானைப் பார்த்துக்கொள்வது வரை எல்லாம் மொய்துதான். அறுபதை நெருங்குகிறவர், அவரும் பாலக்காட்டுப் பக்கம். அவர் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிப் போனார். காற்றில் சாயாமல் இருக்கட்டும் என்று, தொட்டியை விளிம்பு வரைக்கும் மண்ணில் புதைத்து வைத்ததாக வந்து சொன்னார். ஹஸீனாவுக்கு மனசு நிறைந்தது.

அவளால் போய்ப் பார்க்க முடியாது. பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகிற பழக்கம் அங்கே இல்லை. அது போக, கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள். கடையைப் பூட்டியாயிற்று. வெளிவேலைக்குப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து மாரீஸ்வரி வந்தாள். ஏலக்காட்டில் பிறந்து ஏலக்காட்டில் வளர்ந்தவள், ஹஸீனாவைவிடப் பத்து வயது சின்னவள். ஹஸீனா தினமும் காலையில் உட்கார்ந்து ஓதுவாள். ஓதி முடித்து, ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து வைத்த தண்ணீரில் ஊதுவாள். மாரீஸ்வரி அந்தப் பாட்டிலைக் கொண்டுபோய்க் கபர்ஸ்தான் கேட்டில் மொய்துவிடம் கொடுப்பாள். மொய்து அதை எடுத்துப்போய்ப் பேரீச்சையின் தலையில் ஊற்றுவார். அடியில் ஊற்றாமல் ஏன் தலையில் ஊற்றினார் என்றால், ஓதிய தண்ணீரை யாராவது காலில் ஊற்றுவார்களா?

"ஊத்துங்கக்கா, நல்லா ஊத்துங்க" என்று மாரீஸ்வரியும் சொன்னாள். "எங்க ஏலத்துக்கெல்லாம் ஈரந்தான் உசுரு. தண்ணி குடிச்சு எந்தச் செடி செத்திருக்குக்கா?"

பேரீச்சையை அனுப்பிய அடுத்த வாரமே அஷ்ரஃப் வந்துவிட்டார்.

விடிகாலை சுபுஹ் தொழுதுவிட்டு மறுபடி கொஞ்சம் சாய்கிற பழக்கம் ஹஸீனாவுக்கு உண்டு. கண் மூடியும் மூடாத அந்த அரைத் தூக்கத்தில், ஜன்னல் வெளுத்துக்கொண்டிருக்கும்போது, கட்டிலின் கால்மாட்டில் அவர் நின்றார். கடைக்குப் போடுகிற அதே நீலச் சட்டை. முன்தலை முடியிலிருந்து தண்ணீர் மூக்குக்கு ஒழுகியது. கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு, "குளிருது புள்ள" என்றார். அவ்வளவுதான். அவள் துள்ளி எழுந்தபோது அறையில் யாரும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் இரண்டு மடங்கு ஓதினாள். ஒரு பாட்டில் இரண்டு பாட்டிலாயிற்று.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார். இந்தத் தடவை சட்டையும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "நனையுது புள்ள" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழையில் வந்து கதவு தட்டுகிறவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நல்லேப்பிள்ளிக்குக் கொண்டு போயிருங்கன்னு சொன்னேனே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளும் அழுது ஒரு பதில் சொல்லியிருப்பாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தன்னுடைய ஓதல் போதவில்லை. அவர் அங்கே நனைகிறார் என்றால் இங்கே இவள் இன்னும் கேட்க வேண்டும். இரண்டு பாட்டில் ஒரு குடமாயிற்று. மாரீஸ்வரி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனாள். ஐப்பசித் துலாமழை முடியும்வரை மேலே இருந்து வானமும் கீழே இருந்து ஹஸீனாவும் அந்தப் பேரீச்சைக்கு வஞ்சனை இல்லாமல் ஊற்றினார்கள்.

இதற்கிடையில் ஷெட் பக்கம் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மத்தியானம் சோறு உண்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் கர்ரென்று ஒரு இழுப்பு, பிறகு நின்றுவிடும். கொஞ்சம் கழித்து இன்னொரு இழுப்பு. ஹஸீனாவின் பல் கூசியது. அவள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். வழக்கமாகக் கத்துகிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாரீஸ்வரி அவளைப் பார்த்தாள், அவள் மாரீஸ்வரியைப் பார்த்தாள்.

"பூனையா இருக்கும்" என்றாள் ஹஸீனா.

"பூனை தொட்டிய இழுக்குமாக்கா?" மாரீஸ்வரியின் குரல் ஒடுங்கியிருந்தது. "நா சொல்லுதேன்னு கோவிச்சுக்காதீக. பாய் வந்து நிக்காக. நா அந்தப் பக்கம் துணி காயப்போட மாட்டேன்."

அந்த ஷெட்டை, பேரீச்சையை எடுத்த நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை. ஹஸீனாவுக்குத் திறக்கப் பயம். அவர் இருப்பாரோ என்று பயமா, இருக்கமாட்டாரோ என்று பயமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மார்கழியில் இத்தா முடிந்தது. வானம் வெளுத்து, காலையில் புல்லெல்லாம் பனியில் வெள்ளை பூத்துக் கிடந்தது. குளித்து, புதுத் துணி உடுத்தி, முதல் வேலையாக அவள் பள்ளி ரோட்டுக்கு நடந்தாள். ரோடு மேட்டில், கபர்ஸ்தான் பள்ளத்தில். மதில் ஓரம் நின்று எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். மருதாணிகளுக்கும் காட்டுச் செடிகளுக்கும் நடுவே அந்தப் பேரீச்சை தனியாகத் தெரிந்தது. பச்சை! அப்படி ஒரு பச்சை. ஓலை ஒன்றுகூடப் பழுக்கவில்லை. ஹஸீனா மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் நட்டது பிடித்துவிட்டது, அவள் கேட்டது கிடைத்துவிட்டது, இனிமேல் அவருக்குக் குளிராது என்று நினைத்தாள்.

அடுத்த நாள் விடியலில் அவர் வந்தார். தலையோடு காலாக ஊறிப்போயிருந்தார். விரல் நுனியெல்லாம் ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்த மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. வாயைத் திறந்தார், சொல்ல முடியவில்லை. பல் அடித்துக்கொண்டது.

எழுந்து உட்கார்ந்த ஹஸீனா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழையில்லை. மழை நின்று நாளாகிறது. தூறல்கூட இல்லை. வெயில் வரப்போகிற வானம். அப்புறம் இந்த மனுஷன் எங்கே போய் இப்படி நனைந்துவிட்டு வருகிறார்?

அந்தக் கேள்வி அவளைச் சும்மா உட்கார விடவில்லை. மாரீஸ்வரி வந்ததும், "ஷெட்டத் தொறக்கலாம், வா" என்றாள். மாரீஸ்வரி வாசலோடு நின்றுகொண்டாள். ஹஸீனா தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணாடி ஷீட் வழியாக வெயில் இறங்கி, தூசி பறந்தது. நாலு மாதத்துக்கு மேல் ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத பனைகள் வரிசையாக நின்றன. செத்திருக்கும் என்றுதான் நினைத்து வந்தாள். மூங்கில் பனை காய்ந்து கருகிப் போயிருந்தது. மற்றதெல்லாம் ஒட்டடை படிந்து, ஓலை நுனி தீய்ந்து, ஆனால் நடுவில், ஒவ்வொன்றிலும், வெளிறிய பச்சையில் ஒரு குருத்து கூர்மையாக மேலே ஏறியிருந்தது. வலை வழியாக வந்த மஞ்சே அவற்றுக்குப் போதுமாயிருந்திருக்கிறது. அவள் எட்டிக்கூடப் பார்க்காத பனைகள் பிழைத்துக்கிடந்தன.

"ஏக்கா, இங்க பாருங்க" என்றாள் மாரீஸ்வரி, வாசலில் நின்றபடியே விரலை நீட்டி.

தொட்டிகள் எல்லாம் வைத்த இடத்தில்தான் இருந்தன, இழுத்த தடம் எதுவும் இல்லை. ஆனால் வரிசையின் கடைசியில், முன்பு பேரீச்சைத் தொட்டி இருந்த வெற்றிடத்தில், சிமெண்டுத் தரையில் வட்டமாக ஒரு ஈரம். சுற்றிலும் தூசி உலர்ந்து கிடக்க, அந்த வட்டம் மட்டும் இப்போதுதான் தொட்டியைத் தூக்கிய மாதிரி நனைந்திருந்தது. ஹஸீனா குனிந்து உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று ஏறியது. மேலே பார்த்தாள், ஒழுக்கு இல்லை.

மாரீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹஸீனாவுக்குப் பயம் வரவில்லை. அவள் குருத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனையிலும் குருத்து ஏறியிருக்கிறது. நேற்று மதிலோரம் நின்று பார்த்த பேரீச்சையில் ஏறியிருந்ததா? அனுப்பும்போது எத்தனை உயரமோ அத்தனை உயரம்தான். ஒரு ஓலை கூடியிருக்கவில்லை. பச்சையைப் பார்த்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தாள். கால் தன்னாலே பள்ளிப் பக்கம் நடந்தது.

மொய்து முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, அந்தத் தொட்டிய ஒருக்கா கேட்டுக்குக் கொண்டாங்க. நா பாக்கோணும்" என்றாள்.

"அது நல்லாப் பிடிச்சிருக்கு ஹஸீனா. எதுக்கு இப்பக் கிளறணும்?"

"கொண்டாங்கண்ணா."

மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி, மூச்சு வாங்கத் தூக்கி வந்தார். கேட்டுக்கு வெளியே வைத்தபோது தொட்டி சொத்தென்று உட்கார்ந்தது. புதைத்து வைத்ததில் அடி ஓட்டையெல்லாம் களிமண் அடைத்திருந்தது. உள்ளே மணலும் கரியும் சேறாகி, மேலே பாசி பிடித்திருந்தது. ஹஸீனா முழங்காலில் உட்கார்ந்து, ஓலைகளை விலக்கி, நடுக் குருத்தை இரண்டு விரலால் பிடித்தாள். அஷ்ரஃப் மழைக்காலத்தில் ஒவ்வொரு பனையையும் இப்படித்தான் தொட்டு லேசாக இழுத்துப் பார்ப்பார். அவளும் லேசாகத்தான் இழுத்தாள்.

குருத்து கையோடு வந்துவிட்டது. உருவிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் பழுப்பாக, கூழாக, விரலில் வழிந்தது. நாற்றம் குப்பென்று ஏறியது, மொய்து இரண்டடி பின்னால் போனார்.

"என்னது இது? இலையெல்லாம் பச்சையாத்தானே இருக்கு?" என்றார்.

ஹஸீனாவின் காதில் தகரத்து மழையாக விழுந்து ஓடிய பேச்சு எல்லாம் திரும்பி வந்தது. ஏலம் அப்படியில்லை, ஒரு தண்டு போனால் பக்கத்தில் பத்து முளைக்கும். பனைக்கு ஒரே தலை. தலை அழுகினால் எல்லாம் முடிந்தது. ஆனால் ஓலைகளுக்கு அந்தச் சேதி போய்ச் சேர மாதக்கணக்காகும், அதுவரைக்கும் ஒன்றும் நடக்காத மாதிரிப் பச்சையாகவே நிற்கும். "செத்துப் போச்சுன்னு அதுக்கே தெரியாது புள்ள" என்று அவர் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இது எப்பவோ செத்திருச்சுங்கண்ணா. நாந்தான் கொன்னுபோட்டேன். நா ஊதி அனுப்புன தண்ணிதான்." அஷ்ரஃப் ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னது இதுதான். குளிருது, நனையுது. அவள் கேட்டுவிட்டு இன்னொரு குடம் அனுப்பினாள். கட்டிலின் கால்மாட்டில் அவர் பல்லடிக்க நின்றது மழையால் இல்லை, இந்தப் பாழாய்ப்போன கைகளால். "அவரு தலையிலயே ஊத்தியிருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சேறு ஒட்டிய கையோடு முகத்தை மூடிக்கொண்டாள்.

"சாரமில்ல, போகட்டும்" என்றார் மொய்து. "நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. ஊத்தினது நானுமல்லவா?"

"பச்சையா இருக்கற வரைக்கும் அவருக்கு ஆறுதல்னு சொல்லுவாங்களே. செத்த செடியோட பச்சைய எந்தக் கணக்குல வெக்கறது?"

மொய்து கையில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்துத் துடைத்தார். "அது படைச்சவனுக்குத்தான் தெரியும்" என்றார் கடைசியில். அதில் சமாதானம் எதுவும் இல்லை.

அன்றைக்கே அவள் ஷெட்டிலிருந்து விசிறிப் பனையை அனுப்பினாள். இந்தத் தடவை தானே நின்று சொல்லி அனுப்பினாள். தொட்டியைப் புதைக்கக் கூடாது, அடியில் இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் நிறுத்த வேண்டும், சாயாமல் இருக்க மூங்கில் அடித்துக் கட்டினால் போதும். சித்திரை வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். அஷ்ரஃபின் வார்த்தைகள் அவள் வாயிலிருந்து தங்குதடையில்லாமல் வந்தன. இத்தனையும் எப்போது உள்ளே போய் உட்கார்ந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓதுவதை நிறுத்தவில்லை. தண்ணீரில் ஊதுவதை மட்டும் நிறுத்தினாள்.

மறுநாள் விடியலில் அவர் வந்தார். முடி மட்டும் ஈரமாக இருந்தது. கைகளைக் கீழே தொங்கவிட்டு நின்றார்.

பிறகு ஒரு நாள் வந்தார். சட்டை உலர்ந்திருந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்து, சூடு பறக்க முகத்தில் வைத்துக்கொண்டார். கடை திறக்கிற காலை நேரத்தில் எப்போதும் செய்வதுதான். ஹஸீனா கண்ணைத் திறக்காமல் படுத்தபடியே சிரித்தாள். அழுகையும் வந்தது. ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தபோது தரையில் அந்த வட்டம் காய்ந்துகொண்டிருந்தது, நடுவில் உள்ளங்கை அளவு மிச்சம். இரண்டு நாளில் அதுவும் காய்ந்தது.

அதோடு அவர் வரவில்லை.

முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவருக்குக் குளிர் விட்டுவிட்டது, இனி எதற்கு வந்து நிற்க வேண்டும்? அவளே தன்னிடம் அப்படிச் சொல்லிக்கொண்டாள். கடையைத் திறந்தாள். ஆணியும் பெயிண்டும் விற்றாள். விசிறிப் பனையில் குருத்து ஏறுகிறதென்று மொய்து வந்து சொன்னார், மதிலோரம் போய் நின்று அதையும் பார்த்தாள். எல்லாம் அவள் கேட்டபடியே நடந்தது.

ஆனால் சுபுஹ் முடிந்து சாய்ந்தால் ஜன்னல் வெளுக்கும், பால்வண்டி போகும், கட்டிலின் கால்மாடு காலியாக இருக்கும். மத்தியானம் பாத்திரம் கழுவும்போது குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு சத்தமும் வராது. மாரீஸ்வரி இப்போது தைரியமாகப் பின்பக்கம் துணி காயப்போட்டாள். "பாய் நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாகக்கா, வீடே லேசாயிட்டுல்லா?" என்றாள். ஹஸீனாவுக்குச் சுருக்கென்றது. அந்த வீடு லேசானது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆடி மழையில் அவர் மௌத்தானார், எல்லோரும் வந்தார்கள், ஓதினார்கள், இத்தா இருந்தாள். ஆனால் அவர் போய்விட்டார் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

ரிஸ்வானா போனில் கூப்பிட்டாள். "ஏம்மா தனியாக் கெடக்கறீங்க? கடைய வித்துப்போட்டு இங்க வந்துருங்க" என்றாள். "வரேன் கண்ணு" என்று இவள் சொல்லிவிட்டு, அவர் வந்து நின்றால் எந்த வீட்டைத் தேடுவார் என்று நினைத்தாள். நினைத்தபிறகு தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. வராதவருக்கு எந்த வீடாக இருந்தால் என்ன?

மாசி பிறந்து, மத்தியான வெயிலில் தரை சுட ஆரம்பித்தபோதும் விடியலில் குளிர் விடவில்லை. ஒரு காலையில் அவள் ஓதி முடித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். தான் செய்யப்போவது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தது அந்தக் குடம் குடமான தண்ணீர். இது அப்படியில்லை. ஆனாலும் பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதினாள்.

கபர்ஸ்தான் கேட்டில் மொய்து அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சித்திரை வரைக்கும் ஒரு சொட்டு வேண்டான்னு நீங்கதானே சொன்னீங்க? செடி நல்லா வந்துக்கிட்டிருக்கு. குருத்து ஓலையா விரிஞ்சிருக்கு."

"தெரியுமுங்கண்ணா."

"பின்ன?"

அவள் கேட் கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். பள்ளத்தில் விசிறிப் பனை வெயிலில் நின்றது. அதன் கீழே அவர் உலர்ந்து, சூடாக, நிம்மதியாகக் கிடக்கிறார். அவள் ராப்பகலாக வேண்டிக்கொண்டது அதைத்தான். பாட்டிலைத் திறந்து, மூடியில் தண்ணீரை ஊற்றி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்து, கேட்டுக் கம்பிக்கு ஊடே அவரிடம் நீட்டினாள்.

"ஒரே ஒரு மூடிங்கண்ணா" என்றாள். "குருத்துல படற மாதிரி ஊத்துங்க."